பேச்சு முறியாத வேகம்

எந்தப் புண்ணியவான் பேக்கரிக்கு மேல்மாடியில் ஜிம் கட்டினானோ தெரியவில்லை, மக்ரூன் வேகிற வாசனை படியேறி வந்து மூக்குக்குள் உட்கார்ந்துகொள்கிறது, நான் ட்ரெட்மில்லில் நடக்கிறேன், நடந்துகொண்டே இருக்கிறேன், சுவரில் இருக்கிற கண்ணாடிக்குள் என்னை மாதிரியே ஒரு தடித்த பொம்பளை பச்சைச் சுடிதாரும் வெள்ளை ஷூவும் போட்டுக்கொண்டு எங்கேயும் போய்ச் சேராமல் நடக்கிறாள். இது ஒரு நடையா? திருவிழாவில் சப்பரத்துக்குப் பின்னால் போகிற நடை. இந்த நடைக்கு நான் ஜெபாவிடம் எவ்வளவு மல்லுக்கு நின்றேன். ஜெபா இங்கே பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், திருநெல்வேலியில் படித்துவிட்டு வந்த பிள்ளை, என் வயதில் பாதிகூட இராது, அவளிடம் போய், நாற்பது நிமிஷமெல்லாம் ஆகாது, வேகத்தை இரட்டிப்பாக்கு, நேரத்தைப் பாதியாக்கு என்று பேரம் பேசினேன். "உடம்புகிட்ட பேரம் நடக்காதுக்கா" என்றாள். எது நடக்காது? என்னைப் பெற்றவள் பிரசவ வலியிலேயே மருத்துவச்சியிடம் பேரம் பேசியவள் என்று ஊரில் சொல்வார்கள். சரி, அதை விடு. இன்றைக்கு மத்தியானம் வள்ளங்கள் கரைக்கு வரும்போது நான் உள்வட்டத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். எங்கள் மீன் ஏலக் கூடத்தில் சிமெண்டுத் தரையில் சிவப்புப் பெயிண்டால் வட்டமாக ஒரு கோடு போட்டிருக்கும். கோட்டுக்குள்ளே சீலா, பாறை, விளமீன், கேரளாவுக்கு லாரி ஏறுகிற பெரிய மீன். கோட்டுக்கு வெளியே சாளையும் காரலும், மலிவு மீன். உள்ளே நின்று ஏலம் எடுத்தவள் நான், செலஸ்டினா, சாளைக்கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி, ஏமாந்து, அறை வாங்கி, திருப்பி அறைந்து, அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனவள். இப்போது சில மாதமாக வெளியே நிற்கிறேன். கோட்டுக்கு வெளியே நின்று சீலாவைப் பார்ப்பது எப்படி இருக்கும் தெரியுமா, சொந்த வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு வெளியே நிற்பது மாதிரி, இதை நினைத்தால் கால் தன்னால் வேகம் எடுக்கிறது, எடுக்காதே, மெதுவா, இன்றைக்குக் காலில் பலம் மிச்சம் இருந்தாக வேண்டும்.

ஏன் வெளியே வந்தேன் என்றால் ஓடினேன், அதனால் வந்தேன். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, ஈரலில் கொழுப்பு, ரத்தத்தில் சர்க்கரை, எடையைக் குறைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், சொன்ன தோரணை இருக்கிறதே, அழுகின மீனைத் தள்ளிவிடுகிற தோரணை, எனக்குச் சுறுசுறுவென்று ஏறிவிட்டது, குறைக்கிறேனா இல்லையா பார் என்று மறுநாளே கடற்கரைச் சாலையில் இறங்கினேன். அப்போது எனக்கு ஜெபாவைத் தெரியாது, யாரையும் தெரியாது, எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான், எவ்வளவு அடித்துப் பிடுங்குகிறோமோ அவ்வளவும் லாபம். ஓடினேன். நாக்கு வெளியே தள்ள ஓடினேன். சோற்றை நிறுத்தினேன், மீனையும் நிறுத்தினேன், மீன்காரி மீனை நிறுத்தின கூத்து, வெறும் வெள்ளரிக்காயும் கொள்ளுத்தண்ணியும். எடை சரிந்தது. சரிய வேண்டியதெல்லாம் சரிந்தது. கோயில் வாசலில் பார்த்தவர்களெல்லாம், என்ன செலஸ்டி கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்ட என்றார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை, தாவணியில் நிற்கிற மாதிரி ஏலத்துக்குப் போய் நின்றேன். எங்கள் வட்டத்தில் ஒரு சட்டம் உண்டு, ஏலம் எடுத்தவள் தன் கூடையைத் தானே கோட்டுக்கு வெளியே இழுத்துப் போட வேண்டும், கூலியாள் உள்ளே வரக் கூடாது. முன்னொரு காலத்தில் பெரிய வியாபாரிகள் கூலிக்கு ஆண்களை விட்டுக் கூடையை அள்ளிக்கொண்டு போனார்கள், பெண்கள் எல்லோரும் சேர்ந்து விரட்டி அடித்துவிட்டுப் போட்ட சட்டம் அது, நானும்தான் கை தூக்கி ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு நல்ல சீலா. எடுத்தேன். குனிந்து கூடைக் காதைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னொரு தடவை. கூடை தரையோடு முளைத்த மாதிரி இருக்கிறது, என் தொடை நடுங்குகிறது, கை கை மாதிரியே இல்லை, வாழைத்தண்டு மாதிரி, சுற்றி நிற்கிற சத்தமெல்லாம் அடங்கிப் போனது, அந்த அமைதியில் என்னோடு ஏலம் எடுக்கிற கிளாடிஸ் சொன்னாள், "என்னட்டி செலஸ்டி, வாயாலதான ஏலம் எடுத்த, வாயாலயே இழுத்துக்க." சிரிப்பு. ஐஸ் உடைக்கிறவன்கூடச் சிரித்தான். கூடை மறு ஏலத்துக்குப் போயிற்று, கிளாடிஸே எடுத்தாள், ஒரே இழுப்பில் இழுத்தாள், நான் வெளிவட்டத்துக்குப் போனேன். இழுக்க முடியாதவள் வெளியே, வட்டத் தலைவி திரும்பக் கூப்பிடுகிற வரைக்கும் வெளியே, இந்த வருஷம் தலைவி யார், கிளாடிஸ். அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அம்மாவின் கால் ஞாபகத்துக்கு வந்தது. சர்க்கரையில் அம்மாவுக்கு வயிறு மட்டும் பானை மாதிரி அப்படியே இருந்தது, கால் ரெண்டும் வற்றிக் குச்சியாகி, கட்டிலில் இருந்து எழுந்திருக்க ரெண்டு பேர் வேண்டும், அந்தக் கால்களை நான் தேய்த்துவிடும்போது தோலுக்கு அடியில் எலும்பு நேராகக் கைக்கு வரும். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. தொடையைத் தொட்டேன், தொளதொளவென்று. கொழுப்பை விற்கிறேன் என்று நினைத்துச் சதையை அல்லவா விற்றிருக்கிறேன், அதுவும் அடிமாட்டு விலைக்கு. யாராவது எனக்கு இப்படிச் சரக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் அவன் தலைமுடி மிஞ்சியிருக்காது. இங்கே ஏமாற்றினவளும் நான், ஏமாந்தவளும் நான், யாரைப் போய் அடிக்க.

ஜெபாவிடம் வந்தபோது இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஓடினால் சதை போகும், நடந்தால் கொழுப்பு போகும், அப்படித்தானே என்று கேட்டேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்படி இல்லக்கா. ஓடுனாலும் கொழுப்பு போகும். ஆனா நீங்க தினமும் வெறி பிடிச்ச மாதிரி ஓடுனீங்க, சாப்பிடல, ஒரு நாளும் எடை தூக்கல. உடம்பு என்ன செய்யும், இவளுக்கு இந்தச் சதை வேண்டாம் போலன்னு அதையும் எடுத்துச் செலவு பண்ணிட்டு. நடந்தீங்கன்னா மறுநாள் எடை தூக்கக் கால்ல தெம்பு இருக்கும். தூக்குனாத்தான் சதை நிக்கும். அதுக்குத்தான் மெதுவா." அந்த ஒரு வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது, இவளுக்கு இது வேண்டாம் போல. உடம்பும் வியாபாரிதான். கேட்டு வராத சரக்கைக் கிடங்கில் வைத்திருக்காது. சரி, கேட்கிறேன், தினமும் வந்து கேட்கிறேன் என்று கம்பியைத் தூக்க ஆரம்பித்தேன், குந்தி எழுந்தேன், இரும்பு எடையை ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன், காலையில் முட்டை, மத்தியானம் தட்டு நிறைய மீன், சோறு கொஞ்சம். நடைக்கு வேகம் எவ்வளவு என்று கேட்டபோதுதான் ஜெபா அந்த வித்தையைச் சொன்னாள். "மிஷின்ல இருக்க நம்பரைப் பாக்காதீங்க. பேச்சைப் பாருங்க. நடந்துட்டே முழுசா ஒரு வாக்கியம் பேச முடியணும். நாலு வார்த்தையில மூச்சு அறுந்துச்சுன்னா குறைச்சுருங்க." எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. என் பிழைப்பே அதுதானே. வியாபாரத்தில் மூச்சு வாங்கினவன் செத்தான், அவன் அவசரம் எதிராளி காதில் விழுந்துவிடும், ரயிலுக்கு ஓடுகிறவனுக்கு எவன் விலை குறைப்பான். அன்றிலிருந்து நடக்கும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு கொச்சி வியாபாரியிடம் பேசுகிறேன், அவன் மலையாளத்தில் கத்துவான், நான் தமிழில் கத்துவேன், என் குரல் முறியாத இடம் எதுவோ அதுதான் என் வேகம், ஒரு நாளைக்கு அது ஐந்து, ஒரு நாளைக்கு ஐந்தரை, தூக்கமில்லாத நாளில் அதற்கும் கீழே. வயிறு மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. ஆனால் போன வாரம் கொல்லையில் பழைய கூடையில் ஐஸ்கட்டியை நிரப்பி, யாரும் பார்க்காமல் இழுத்துப் பார்த்தேன். வந்தது. சிமெண்டில் கரகரவென்று, என் பின்னாலேயே, நாய்க்குட்டி மாதிரி வந்தது. பக்கத்து வீட்டில் என்ன சத்தம் என்று கேட்டார்கள், ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லையா! அன்றே கிளாடிஸிடம் போய், என்னை உள்ளே விடு என்றேன். பாப்போம் என்றாள். நேற்றும் கேட்டேன், பாப்போம். அந்தப் பாப்போமைக் கேட்டால் எனக்குக் கொதிக்கிறது, எனக்குத் தெரியாத பாப்போமா, நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

யார் வருகிறது அது. கண்ணாடிக்குள் கதவு திறக்கிறது, கிளாடிஸ். கிளாடிஸேதான், புது ஷூ, தலையில் மூக்குத்தியை விடப் பளபளப்பாக ஒரு பட்டை, பின்னால் சலேத். சலேத் எங்கள் கூடத்தில் ஏலம் கூறுகிறவள், விலையைக் கூவுவதும் முடிப்பதும் அவள் தொண்டைதான், கிளாடிஸ் போகிற இடமெல்லாம் அவளும் போவாள். சலேத் ஓரத்தில் இருக்கிற சைக்கிளில் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், கிளாடிஸ் நேராக வந்து என் பக்கத்து மிஷினில் ஏறினாள். அங்கே நாலு மிஷின் சும்மா கிடக்கிறது. "என்னட்டி செலஸ்டி, பொணத்துக்குப் பின்னால போற மாதிரி போற? யாரு செத்தா?" "ஆளைத் தேடிட்டு இருக்கேன், நீ வந்துட்ட" என்றேன். சிரித்தாள். பொத்தானை அழுத்தினாள், டப், டப், டப், அவள் மிஷின் உறுமிக்கொண்டு எடுத்தது, ஓட்டம். நல்ல ஓட்டம்தான், பொய் சொல்லக் கூடாது, அவள் கால் நீளம், சின்ன வயதிலேயே ஓடுவாள். திரும்பி என் மிஷினின் எண்ணைப் பார்த்தாள். "இவ்வளவுதானா? எங்க மாமியார் இதவிட வேகமாப் போவா, அவளுக்கு ரெண்டு முட்டும் கெடையாது." டப், இன்னும் ஒரு படி. எனக்குக் காதோரம் சூடேறுகிறது. விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விட்டது, எப்போது போனது, நான் அனுப்பவில்லை. அழுத்து, காட்டு அவளுக்கு, நீ யாரென்று காட்டு, கடற்கரைச் சாலையில் மாதக்கணக்கில் ஓடினவள் நீ, இவள் நேற்று ஷூ வாங்கினவள். ஓடினால் என்ன ஆகும், ஒரு நாள் ஓடினால் சதை போய்விடுமா, போகாது, ஜெபாவே சொல்லுவாள் போகாது என்று. ஆனால் இன்றைக்கு மத்தியானம். ஒருவேளை கூப்பிட்டுவிட்டால். தொடையெல்லாம் கழன்று போய்ப் படியிறங்கும்போதே ஆடும், அந்தக் காலோடு போய்க் கூடைக் காதைப் பிடித்தால், அந்த அமைதி, மறுபடியும் அந்த அமைதி, அந்த ஐஸ்காரன் பல். வேண்டாம். ஆனால் இவள் வாய். டப், அவள் இன்னொரு படி ஏற்றுகிறாள், ஏற்றிவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கிறாள், அந்தப் பார்வை எனக்குத் தெரியும், இந்த ஓரக்கண்ணை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், ஏலத்தில் மீன் வேண்டாதவள் எதிராளியை மாட்டிவிடுவதற்காக விலையை ஏற்றிவிட்டு இப்படித்தான் பார்ப்பாள். அட! ஏற்றிவிடுகிறாள். இவளுக்கு இந்த வேகம் தேவையே இல்லை. நான் மேலே கேட்க வேண்டும், மாட்ட வேண்டும், அதற்குத்தான் ஏற்றுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. ஏற்றிவிடுகிறவளை என்ன செய்வோம்? அவள் தலையிலேயே விட்டுவிடுவோம். விரலை எடுத்து முந்தானையை இடுப்பில் செருகப் பார்த்தேன், சுடிதாரில் ஏது முந்தானை, பிறகு கையைச் சும்மா வீசி நடந்தேன்.

சும்மா நடந்தால் போதுமா, வாய் எதற்கு இருக்கிறது. "உன் மருமக மாசமா இருக்கான்னு சொன்னாவ, எத்தனையாவது மாசம்ட்டி" என்றேன், ஒரு மூச்சில், ஓரமெல்லாம் மடித்துத் தைத்த மாதிரி முழு வாக்கியம். "அஞ்சாவது முடியப் போவுது, ஆஸ்பத்திரில பாத்தாச்சு" என்றாள். "எந்த ஆஸ்பத்திரி, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கமா, அங்க டாக்டரம்மா சிடுசிடுன்னு விழுவாவளே, பேசாம நம்ம பக்கத்துலயே காட்டிருக்கலாம்லா?" "ம்… பாப்போம்… அவதான்… வேணும்னா" என்றாள். ஆகா. வாக்கியம் அறுகிறது. மூன்று துண்டாக அறுகிறது. எனக்கு நெஞ்சு அதே தாளத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது, நெற்றியில் வியர்வை, முதுகில் நல்ல சூடு, தொடையில் இரும்பு மாதிரி ஒரு பிடிப்பு, நாக்கு மட்டும் காலை நேரத்துக் காக்கா மாதிரி சுறுசுறுப்பாக இருக்கிறது. "கொச்சிக்காரன் நேத்து உனக்கு லாரி அனுப்பினானா, இல்ல எனக்குச் சொன்ன கதைதான் உனக்கும் சொன்னானா?" "அனுப்பி…னான்." "மூட்டு வலி இருந்துச்சே, எண்ணெய் போட்டியா, குறைஞ்சுதா?" "ம்." குறைக்கலாம் அவள், ஒரு பொத்தான்தான், என் முன்னால் குறைக்க மாட்டாள், அவள் தன்மானம் எனக்குத் தெரியும், என் தன்மானத்துக்கு அக்கா தங்கச்சி அது. முகம் வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்துவிட்டது. "மகன் இந்த வருஷம் கப்பலுக்குப் போறானா?" தலையாட்டினாள். வாய் திறக்கவில்லை, தலை மட்டும் மேலும் கீழும். "கிறிஸ்மஸுக்கு வந்துருவானா?" தலையாட்டினாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஏலக் கூடத்தில் வள்ளத்து இன்ஜின் சத்தம், காக்காச் சத்தம், ஐஸ் மிஷின் சத்தம், வாயால் சொன்னால் யார் காதிலும் விழாது, அதனால் தலையை ஆட்டினால் ஏலம், ஆட்டின தலையைத் திருப்பி வாங்க முடியாது, மாதாவே வந்து கேட்டாலும் முடியாது. கண்ணாடிக்குள் பார்த்தேன், சலேத் சைக்கிளில் உட்கார்ந்து எங்கள் ரெண்டு பேரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். குரலை இழுத்து, ஏலத்தில் கேட்கிற குரலில், சலேத்துக்கும் விழுகிற மாதிரி, அவசரமே இல்லாமல் கேட்டேன். "அப்போ கிளாடிஸு, இன்னைக்கு மத்தியானம் வள்ளம் வந்ததும் நான் உள்வட்டத்துல வந்து நிக்கட்டா, முதல் கூடையில இருந்து?" தலை ஆடியது. மேலும் கீழும், முன்பு ஆடின அதே ஆட்டம், என் வாய் மூடினால் போதும் என்கிற ஆட்டம். அவ்வளவுதான், சைக்கிள் மேலிருந்து சலேத் தன் தொடையில் பளாரென்று ஒரு அடி அடித்து, தன்னை அறியாமல், ஏலம் முடிக்கிற குரலில், ஜிம்மே அதிர, "செலஸ்டிக்கு முடிஞ்சுதே!" என்று கூவினாள்.

கிளாடிஸ் சிவப்புப் பொத்தானை அடித்தாள், மிஷின் நின்றது, கம்பியில் தொங்கி மூச்சு வாங்கினாள். பிறகு, "சண்டாளி… இது… ஏலமாட்டி?" சலேத் வாயைப் பொத்திக்கொண்டு, "பழக்கதோசம்க்கா, தலை ஆடுனதும் வந்துட்டு" என்றாள், அப்புறம் கையை எடுத்துவிட்டு, "ஆனா வந்தது வந்ததுதான், நான் கூவிட்டு மாத்துனது கெடையாது, உனக்காகவும் மாத்த மாட்டேன்" என்றாள். ஜெபா ஓடிவந்து, என்னக்கா, யாருக்காவது மயக்கமா என்று கேட்டாள். யாருக்கும் மயக்கமில்லை பிள்ள, ஒரு வியாபாரம் முடிந்தது. கிளாடிஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, துண்டால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் நடந்துகொண்டிருந்தேன், எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நான் எதற்கு நிற்க. "இழுக்காம விட்டன்னு வையி, ஆயுசுக்கும் சாளைதான் பாத்துக்க" என்றாள். "கூடையில ஐஸை இன்னும் ரெண்டு அள்ளு கூடப் போட்டு வையி, தலைவியே வந்து நின்னு பாரு" என்றேன். உதட்டைக் கடித்தாள், அடக்கப் பார்த்தாள், முடியாமல் சிரித்துவிட்டாள், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "எப்படிட்டி இவ்வளவு நேரமா பேசிட்டே இருக்க, உனக்கு நெஞ்சு ரெண்டா?" சொல்லுவேனா. சரக்கு எங்கே வாங்கினேன் என்று எந்த வியாபாரி சொல்லியிருக்கிறான். எனக்குள் என்னென்னவோ நடக்கிறது, கால் பட்டையில் தப்பாமல் விழுகிறது, ஒவ்வொரு அடிக்கும் தொடைச் சதை இறுகி, நான் இருக்கிறேன் நான் இருக்கிறேன் என்கிறது, இது அம்மாவின் கால் இல்லை, இது என் கால், மத்தியானம் சிவப்புக் கோட்டுக்குள் போய் ஊன்றப்போகிற கால், சந்தோஷம் நெஞ்சில் தாங்காமல் தொண்டைக்கு வந்துவிட்டது, எங்கள் தெருவில் பெண் அழைக்கப் போகும்போது பாடுகிற ஒரு பாட்டை என்னை அறியாமல் எடுத்துவிட்டேன், நல்ல உச்சத்தில், ராகத்தோடு, சலேத் கைதட்டினாள். அந்த மூலையிலிருந்து ஜெபா கத்தினாள், "அக்கா, பாட்டு வருதுன்னா வேகம் பத்தலைன்னு அர்த்தம், ஒரு புள்ளி ஏத்துங்க!" அப்படியா சங்கதி, இத்தனை நாள் இதைச் சொல்லவில்லையே இவள். ஏற்றினேன். பாட்டு நின்றுவிட்டது, பேச்சு இருந்தது. கிளாடிஸ் பக்கம் திரும்பி இன்றைய சீலா விலையைப் பேச ஆரம்பித்தேன்.